அத்தையின் பி12

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஒவ்வொரு டியூபுக்கும் ஒரு மூடி நிறம் உண்டு. ஊதா மூடி ரத்த அணுக்களின் எண்ணிக்கைக்கு. சாம்பல் மூடி சர்க்கரைக்கு. மஞ்சள் மூடிக்குள் ஜெல் இருக்கும். தைராய்டு, கொழுப்பு, உப்பு, வைட்டமின் எல்லாம் அதிலிருந்துதான். இருபத்திரண்டு வருடமாக இந்த மூடிகளோடுதான் என் பிழைப்பு. மனச்சோர்வுக்கென்று ஒரு மூடி இதுவரை வரவில்லை.

ஆனால் அதைக் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. அறுபது, அறுபத்தைந்து வயதுப் பெண்கள். மகனோ மகளோ ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஒரு 'முழு உடம்பு பேக்கேஜ்' எழுதிக் கொடுத்து, வெறும் வயிற்றோடு கொண்டுவந்து உட்கார வைத்திருப்பார்கள். கையை நீட்டிக்கொண்டே மெதுவாகச் சொல்வார்கள்: "எல்லாத்தையும் நல்லாப் பாத்துரும்மா. என்னமோ இருக்கு. ஆனா என்னன்னு யாருக்கும் தெரிய மாட்டேங்கு." மாலையில் ரிசல்ட் வாங்க வருவார்கள். எல்லாம் நார்மல் என்றால் மற்றவர்களுக்கு முகம் மலரும். இவர்களுக்குச் சுருங்கிவிடும். கூட வந்த மகன், "பாத்தியா, ஒண்ணுமில்லன்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்பார். அந்த 'ஒண்ணுமில்ல'வைச் சுமந்துகொண்டு படி இறங்குகிற பெண்களை எண்ணினால் இந்த ஊரில் ஒரு தெருவே நிரம்பும்.

நோய் இல்லை என்ற செய்தி ஒருவருக்கு ஏன் கெட்ட செய்தியாகிறது? என் அத்தைக்கு ரத்தம் எடுத்த பிறகுதான் இதை உட்கார்ந்து யோசித்தேன்.

அத்தை என் அப்பாவுக்கு மூத்தவர். வயது 69. கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். மாமா பக்கவாதத்தில் விழுந்து எட்டு வருடம் கட்டிலில் கிடந்தார். எட்டு வருடத்தில் அவர் முதுகில் ஒரு படுக்கைப் புண் வரவில்லை. இதை மருத்துவமனையில் வேலை பார்க்கிறவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் மாமாவுக்கு இருந்த கொடுப்பினையைப் பற்றிப் பேசினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ராத்திரியும் எழுந்து அவரைப் புரட்டிப் போட்ட கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

மாமா போன பிறகு கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டுப் பாளையங்கோட்டையில் மூத்த மகன் வீட்டுக்கு வந்தார். ஒரு வருடம் போலத் தாக்குப்பிடித்தார். பிறகு ஒவ்வொன்றாக நின்றது. பூக்கட்டுவது நின்றது. நாடகம் பார்ப்பது நின்றது. சாப்பாட்டில் பாதி தட்டிலேயே கிடந்தது. ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும். எழுந்து புறவாசல் நடையில் போய் உட்கார்ந்திருப்பார். விடிந்த பிறகு எழுந்திருக்க முடியாது. சாயங்காலம் கொஞ்சம் தேவலை. கால் இரண்டும் மதமதப்பாக இருக்கிறது, வாய் கசக்கிறது, நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அத்தான், "வயசாச்சுல்லா" என்றார். மைனி, "முன்ன மாதிரி ஒரு வேலையிலும் அத்தைக்குப் பிடிப்பே இல்ல" என்றார். மைனியைக் குறை சொல்ல நான் வரவில்லை. பள்ளிக்கூட வேலை, இரண்டு பிள்ளைகள், அடுப்படி மூன்றும் அவர் தலையில்தான். அத்தை செய்யாமல் விட்ட ஒவ்வொன்றும் அவர் கணக்கில் போய் ஏறியது.

"மனசு சரியில்லையா அத்தே?" என்று கேட்டேன்.

"மனசுக்கென்ன, அது பாட்டுக்கு இருக்கு. உடம்புதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு" என்றார்.

நானே ரத்தம் எடுத்தேன். தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 10.4. பி12 வைட்டமின் ஒரு மில்லிலிட்டருக்கு 142 பிகோகிராம். 200-க்குக் கீழே போனாலே குறைவு என்று எடுத்துக்கொள்கிற எண் அது. பி12 குறைந்தால் கால் மதமதக்கும், நினைவு தடுமாறும், மனமும் சோர்ந்து போகலாம். வயதானவர்களுக்கு மனச்சோர்வு மாதிரித் தெரிகிற எதையும் இந்த எண்ணையும் தைராய்டையும் பார்க்காமல் மனச்சோர்வு என்று சொல்லிவிடக் கூடாது என்பது மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் பாடம்.

அந்த 142 எங்கிருந்து வந்தது? பாதி மாத்திரையிலிருந்து. அத்தை சர்க்கரைக்குப் பன்னிரண்டு வருடமாக மெட்ஃபார்மின் போடுகிறார். அது நாள்பட பி12-ஐக் குறைக்கும். மீதி தட்டிலிருந்து. பி12 மீனிலும் கறியிலும் முட்டையிலும் பாலிலும்தான் இருக்கிறது. மாமா போன பிறகு அத்தை கவிச்சியை விட்டுவிட்டார். விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. விட வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. பால் பேரப்பிள்ளைகளுக்கு, எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சுகிற தயிரில் தண்ணீர் ஊற்றினால் அத்தைக்கு மோர். என் இயந்திரம் காட்டிய எண்ணுக்குள் ஒரு விதவையின் அடுப்படி முழுவதும் இருந்தது. ரிப்போர்ட்டில் அதை எழுத இடமில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் 'குறைவு' என்று மட்டும் அச்சாகும்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு வேடிக்கை. அன்று சாயங்காலமே அத்தான் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டார்: "அம்மாவுக்கு பி12 கம்மியாம்." வீட்டில் முட்டை அவிந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊசி. காலையில் காய் நறுக்க அத்தையை யாரும் எழுப்பவில்லை. முந்தின நாள் வரை வேலைக்கள்ளியாக இருந்தவர், ஒரு மூன்று இலக்க எண் வந்ததும் நோயாளியாகிவிட்டார். நெஞ்சில் கல் இருக்கிறது என்று ஏழு மாதம் அவர் வாயால் சொன்னதை நம்பாத வீடு, ரத்தம் சொன்னதும் நம்பியது.

இரண்டு மாதத்தில் கால் மதமதப்பு குறைந்தது. மூன்று மணி முழிப்பு போகவில்லை. கல்லும் போகவில்லை.

அப்போதுதான், மனச்சோர்வை ரத்தத்தில் பார்க்க எவரெவர் முயன்றிருக்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தேடல் பழையது. 1981-ல் அமெரிக்காவில் பெர்னார்ட் காரல் என்ற மனநல மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் கடும் மனச்சோர்வுக்கு ஒரு பரிசோதனை கிடைத்துவிட்டது என்று எழுதினார்கள். ராத்திரி 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் மாத்திரை. அது உள்ளே போனால், கார்ட்டிசால் போதும் என்று உடம்பு நினைத்து, சுரப்பை நிறுத்த வேண்டும். மறுநாள் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் கார்ட்டிசால் இருந்தால், அணை போட்டும் நிற்கவில்லை, அந்த ஆள் மனச்சோர்வில் இருக்கிறார் என்று அர்த்தம். எங்கும் இதையே செய்துபார்த்தார்கள். பிறகு ஒவ்வொன்றாகத் தெரியவந்தது: டிமென்ஷியா இருந்தாலும் கார்ட்டிசால் நிற்காது, எடை குறைந்தாலும் நிற்காது, வேறு நோயில் படுத்துக் கிடந்தாலும் நிற்காது. மனச்சோர்வு உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு ஒழுங்காக நின்றும்விடுகிறது. முதியவர்களிடம் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம், ஏனென்றால் அவர்களில் ஒரே ஒரு நோயோடு வருகிறவர் அபூர்வம். மனச்சோர்வைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனையை இப்போது யாரும் எழுதுவதில்லை. வேறொரு சுரப்பி நோய்க்கு இன்னும் எழுதுகிறார்கள்.

கார்ட்டிசாலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது மணி பார்த்து வேலை செய்கிற பொருள். விழித்த கொஞ்ச நேரத்தில் உச்சிக்கு ஏறும், நடுராத்திரி அடிமட்டத்தில் இருக்கும். அதனால்தான் காலை எட்டு மணிக்குள் வாருங்கள் என்று சொல்கிறோம். நெடுநாள் அழுத்தத்திலும் மனச்சோர்விலும் இந்த ஏற்ற இறக்கம் குலைந்துபோவதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. ஆனால் எட்டு வருடம் இரண்டு மணிக்கொரு தரம் எழுந்த பெண்ணுக்கு எது காலை, எது ராத்திரி?

கார்ட்டிசாலுக்குப் பிறகு செரட்டோனின். மூளையில் செரட்டோனின் குறைவதுதான் காரணம் என்று முப்பது வருடம் எல்லோரும் பேசினார்கள். மருந்து விளம்பரங்கள் பேசின, பத்திரிகை மருத்துவப் பகுதிகள் பேசின. 2022-ல் ஜோனா மான்கிரீஃபும் குழுவினரும் இருக்கிற ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து, அதற்குச் சீரான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். அதை வைத்து மருந்தே வீண் என்று சிலர் கிளம்பினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பாராசிட்டமால் குறைந்ததால் யாருக்கும் காய்ச்சல் வருவதில்லை; ஆனாலும் பாராசிட்டமால் காய்ச்சலைத் தணிக்கிறது.

பிறகு பி.டி.என்.எஃப். என்ற புரதம். நரம்பு செல்களை வளர்த்துக் காப்பாற்றுவது. மனச்சோர்வு உள்ளவர்களின் ரத்தத்தில் சராசரியாகக் குறைவாக இருக்கிறது. எங்கள் ஊர் லேபில் இதை யாரும் எழுதிக் கேட்பதில்லை. ஆனால் இதைப் பற்றிப் படித்தபோது எனக்குள் இருக்கிற லேப்காரி சிரித்துவிட்டாள். ரத்தத்தில் உள்ள பி.டி.என்.எஃப். பெரும்பாலும் தட்டணுக்களுக்குள் இருக்கிறது. ரத்தம் உறையும்போதுதான் வெளியே வருகிறது. டியூபை எவ்வளவு நேரம் ஸ்டாண்டில் வைத்துவிட்டு சென்ட்ரிஃபியூஜில் போடுகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். நான் டீ குடிக்கப் போய் வருகிற நேரத்துக்குள் ஒருவரின் மனநிலை ஏறி இறங்கிவிடும்!

இப்போது அதிகம் பேசப்படுவது அழற்சி. சி.ஆர்.பி., இன்டர்லூக்கின்-6 என்று சில பொருட்கள், உடம்பில் எங்கோ தீ கனன்றுகொண்டிருப்பதைக் காட்டுபவை. மனச்சோர்வு உள்ளவர்களில் நான்கில் ஒருவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சி.ஆர்.பி. ஏறியிருக்கிறது. அப்படியென்றால் நான்கில் மூவருக்கு இல்லை. மூட்டு வலி, பல் ஈறு வீக்கம், உடல் பருமன் எதுவாக இருந்தாலும் இது ஏறும். அறுபத்தைந்து வயதுப் பெண்ணிடம் இதில் ஒன்றாவது இல்லாமல் இருக்குமா? முதுமையில் வரும் மனச்சோர்வுக்கென்றே உள்ள இன்னொரு விளக்கம் ரத்தக்குழாய் பற்றியது. 1997-ல் ஜார்ஜ் அலெக்சோபூலஸ் முன்வைத்தது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் மூளையின் நுண்குழாய்களைக் கெடுக்கின்றன, எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரிகின்றன. அப்படிப்பட்டவர்களுக்கு அழுகையை விட மந்தமும், எதையும் தொடங்க முடியாமையும் அதிகம். 'முன்ன மாதிரி ஒரு வேலையிலும் பிடிப்பே இல்ல' என்று மைனி சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் அந்தத் திட்டுகள் சோர்வே இல்லாத முதியவர்களின் மூளையிலும் இருக்கின்றன.

ஆக, எல்லாமே கூட்டத்தின் சராசரியில் உண்மை. எதிரே கை நீட்டி உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைப் பார்த்து, உனக்கு இருக்கிறது அல்லது இல்லை என்று சொல்ல ஒன்றுக்கும் வக்கில்லை. மருத்துவ உலகம் மனச்சோர்வை இன்றைக்கும் கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. வாய்ச்சொல்தான் பரிசோதனை.

இதைப் படித்து முடித்தபோது எனக்கு நிம்மதியும் வந்தது, பயமும் வந்தது. பயம் ஏனென்றால், எங்கள் வீடுகளில் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லாதவர்கள் யார் என்று எனக்குத் தெரியும்.

இந்தத் தேடலில் என்னை உலுக்கிய இரண்டு ஆய்வுகள் உண்டு. இரண்டிலும் நேரடியான பொருள் மனச்சோர்வு அல்ல, பராமரிப்பு. 1995-ல் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் அமெரிக்காவின் ஒஹையோவில் 13 பெண்களை எடுத்துக்கொண்டார். எல்லோரும் டிமென்ஷியா வந்த உறவினரை வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள். அதே வயது, வருமானத்தில் அப்படிப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள் இன்னொரு பக்கம். எல்லோர் கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சிறு காயம் போட்டார்கள். ஆறுவதற்கு மற்றவர்களுக்கு 39 நாள் போல ஆனது. பராமரிக்கும் பெண்களுக்கு 49 நாள் போல. ஒன்பது நாளுக்கு மேல் வித்தியாசம். இரண்டாவது 2004-ல் எலிசா எபலும் எலிசபெத் பிளாக்பர்னும் செய்தது. நாள்பட்ட நோயுள்ள குழந்தையை வளர்க்கும் 39 தாய்மார்கள், ஆரோக்கியமான குழந்தையை வளர்க்கும் 19 தாய்மார்கள். குரோமோசோமின் நுனியில் டெலோமியர் என்று ஒரு பகுதி உண்டு, வயதாக ஆகத் தேய்வது. நோயுள்ள குழந்தையை எத்தனை வருடம் பார்த்தார்களோ அத்தனைக்கு அது குட்டையாக இருந்தது. மிக அதிகமாக அழுத்தத்தை உணர்ந்த பெண்களின் செல்கள், குறைவாக உணர்ந்தவர்களை விடப் பத்து வருடமாவது மூப்பாகத் தெரிந்தன. டெலோமியர் ஆராய்ச்சிக்காக பிளாக்பர்னுக்கு 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அத்தையின் கணுக்காலில் ஒரு புண் நாலு மாதம் ஆறாமல் கிடந்தது எனக்குத் தெரியும். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, அதனால் அதை இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஆனாலும் பாருங்கள், வீட்டு வேலை உடம்பில் எழுதப்படுகிறது என்று பெண்ணியம் பேசுகிறவர்கள் சொன்னால் அது உருவகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மில்லிமீட்டரில் அளந்துவிட்டார்கள். அளந்த பிறகும் அந்த ஆய்வுக்கு இடப்பட்ட பெயர் அழுத்தம்தான். கூலி கொடுக்காத வேலை என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

இனி வாய்ச்சொல்லுக்கு வருகிறேன். முதியவர்களுக்கென்று தயாரான கேள்வித்தாள் ஒன்று உலகெங்கும் புழங்குகிறது. 1980-களின் தொடக்கத்தில் ஜெரோம் யெசவேஜும் சகாக்களும் உருவாக்கியது. முதலில் 30 கேள்விகள், பிறகு 15 ஆகச் சுருக்கினார்கள். ஆம், இல்லை என்று சொன்னால் போதும். அதில் தூக்கம், பசி, உடம்பு வலி பற்றிய கேள்விகள் கிடையாது; வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். முதுமையில் வேறு நோய்களாலும் இவையெல்லாம் வரும், குழம்பிவிடும் என்ற நியாயமான காரணம். நியாயம்தான். ஆனால் எங்கள் பெண்கள் மனத்தைப் பற்றிப் பேச வைத்திருக்கும் ஒரே மொழி உடம்பின் மொழி. நெஞ்சு பாரம், வயிறு பிசைவது, கை கால் ஓய்வது, தலைக்குள் வண்டு குடைவது. 'எனக்கு வருத்தமாக இருக்கிறது' என்று சொல்லும் உரிமை வீட்டில் அப்பாக்களுக்கே கிடையாது, அம்மாக்களுக்கு எங்கே? தலைவலிக்கு மட்டும்தான் அனுமதி. அந்த மொழியை எடுத்துவிட்டுக் கேள்வி கேட்டால் பதிலில் என்ன மிஞ்சும்?

அத்தையிடம் அந்தக் கேள்விகளைத் தமிழில் கேட்டுப்பார்த்தேன். சோதிப்பதற்காக அல்ல, எப்படிப் பதில் சொல்கிறார் என்று பார்க்க. வெளியே போய்ப் புதிதாக ஏதாவது செய்வதை விட வீட்டிலேயே இருக்கத்தான் பிடிக்கிறதா என்று ஒரு கேள்வி வரும். ஆம் என்றால் சோர்வின் பக்கம் ஒரு மதிப்பெண்.

அத்தை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஏட்டி மருமகளே, வெளிய போவியான்னு என்னைய யாரு இதுவரைக்கும் கேட்டா? பிடிக்குதா பிடிக்கலையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இதற்கு எத்தனை மதிப்பெண் போடுவது? தாளில் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.

இந்தியாவில் முதியவர்களைப் பற்றி லாசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் பெரிய கணக்கெடுப்பு 2017-18-ல் நடந்தது. 45 வயதுக்கு மேற்பட்ட எழுபதாயிரத்துக்கும் அதிகமானவர்களைச் சந்தித்தார்கள். அதில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில், கேள்விகளின்படி மனச்சோர்வு இருக்கக்கூடியவர்கள் 8.3 சதவீதம். மருத்துவர் தனக்கு மனச்சோர்வு என்று சொல்லியிருக்கிறார் என்றவர்கள் 0.8 சதவீதம். பத்தில் ஒன்பது பேர் எந்த மருத்துவரின் தாளிலும் இல்லை. ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகம். இந்தக் கணக்கெடுப்பில் விரல் நுனியில் குத்தி, காகித அட்டையில் ரத்தத் துளிகளும் சேகரித்தார்கள். அந்தத் துளிகளிலிருந்து நிறைய ஆய்வுகள் வரும், வரட்டும். அந்த ஒன்பது பேரைக் கண்டுபிடிக்க ரத்தம் தேவையில்லை. கேட்டாலே தெரிகிறது என்று அதே கணக்கெடுப்பு காட்டிவிட்டது.

அத்தையை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போக அத்தானைச் சம்மதிக்க வைக்க மூன்று வாரம் ஆனது. "எங்கம்மா என்ன பைத்தியமா?" என்றார். பி12 நரம்பு சம்பந்தப்பட்டது, அதன் தொடர்ச்சிதான் என்று சொல்லித்தான் அழைத்துப்போனேன். அதில் எனக்கு வெட்கமில்லை. மருத்துவர் ஒரு பெண், சின்ன வயது. அத்தானை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அத்தையிடம் நாற்பது நிமிடம் பேசினார். நெஞ்சில் கல் என்றதும், "எப்ப வச்ச கல்லும்மா அது?" என்று கேட்டார். அத்தை அழுதார். மாமா சாவுக்கு அவர் அழுது நான் பார்க்கவில்லை.

மாத்திரை எழுதினார். கூடவே, இரண்டு வாரத்தில் சோடியம் பார்க்க வேண்டும் என்றும் எழுதினார். இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மனச்சோர்வுக்கு இப்போது அதிகம் தரப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரைகள் வயதானவர்களின், அதிலும் பெண்களின், ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடலாம். ரத்த அழுத்தத்துக்கு உப்பை வெளியேற்றும் மாத்திரையும் போடுகிறவர்களுக்கு இன்னும் சுலபமாகக் குறையும். குறைந்தால் தள்ளாட்டம், குழப்பம், விழுதல். 'மனநோய் மாத்திரை போட்டு ஆளே மந்தமாகிவிட்டார்' என்று ஊரில் சொல்வதில் சில, சோடியம் பார்க்காமல் விட்ட கதைகளாக இருக்கும். அத்தைக்கு 131 வந்தது. 135-க்கு மேல் இருக்க வேண்டும். அழுத்தத்துக்கான மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், ஏறிவிட்டது. மனச்சோர்வைக் கண்டுபிடிக்க ரத்தம் உதவாது. ஆனால் பி12, தைராய்டு, ஹீமோகுளோபின், சோடியம் இந்த நான்கும் அதன் கூடவே நின்று காவல் காக்கும். 

கோவாவில் நடந்த ஒரு சோதனையையும் சொல்லியாக வேண்டும். அமித் டயஸும் சகாக்களும் நடத்தி 2019-ல் வெளியிட்டது. 60 வயதுக்கு மேல், லேசான சோர்வு அறிகுறிகள் இருந்த 181 பேர். பாதிப் பேரிடம் மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் போய்ப் பேசினார்கள். பிரச்சினையை எப்படிப் பிரித்துப் பார்ப்பது, தூக்கத்தை எப்படி ஒழுங்கு செய்வது என்று சொல்லிக்கொடுத்ததோடு, அரசு உதவிகளைப் பெறவும் வழிகாட்டினார்கள். ஒரு வருடத்தில் முழு மனச்சோர்வுக்குள் விழுந்தவர்கள் இந்தப் பக்கம் 4 பேர், வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்த பக்கம் 13 பேர். உதவித்தொகையும் சிகிச்சையின் பகுதி என்று அவர்கள் எண்ணியது எனக்குப் பிடித்தது. அத்தையின் கையில் சொந்தமாக ஒரு ரூபாய் கிடையாது. தமிழக அரசின் முதியோர், விதவை ஓய்வூதியம் ஆதரவற்றவர்களுக்குத்தான். அத்தைக்குச் சம்பாதிக்கிற மகன்கள் இருப்பதால் ஆதரவு உண்டு என்று கணக்கு. மகளிர் உரிமைத் தொகை ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு பெண்ணுக்கு; அது மைனி பெயரில். மாத்திரை வாங்கவும் கோயிலுக்குப் போகவும் மகனிடம் கேட்க வேண்டும், எதற்கு என்று சொல்ல வேண்டும். பூட்டிக் கிடந்த கிராமத்து வீட்டை வாடகைக்கு விட்டு, அந்த 2,500 ரூபாயை அத்தையின் பெயரில் ஒரு அஞ்சலகக் கணக்கில் போட வைத்தேன். அது எந்த மாத்திரையோடு சேர்த்து என்ன வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

ஐந்து மாதம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி பார்த்தேன். பி12 480. சோடியம் 138. ஹீமோகுளோபின் 11.6. தூக்கம் நாலரை வரை நீண்டிருந்தது. பூக்கட்டத் தொடங்கியிருந்தார், கட்டி முடித்து அண்டை வீட்டுக்கும் கொடுக்கிறார்.

ரிப்போர்ட்டைப் பார்த்த அத்தானுக்கு ஒரே சந்தோஷம். "அம்மாவுக்கு எல்லாம் நார்மலாயிட்டு" என்று சென்னையில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டார். தம்பி வீட்டில் பச்சைக் குழந்தை. தம்பி மனைவிக்கு 26 வார மகப்பேறு விடுப்பு முடிகிற நேரம். அம்மாவை அடுத்த வாரமே நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடுவதாக அண்ணனும் தம்பியும் பேசி முடித்தார்கள். அம்மாவிடம் கேட்கவில்லை.

அன்று ராத்திரி அத்தை எனக்குப் போன் செய்தார். சத்தம் போடாமல் பேசினார்.

"ஏட்டி, ஏதாவது ஒண்ணு கம்மியாக் காட்டுற மாதிரி வேற டெஸ்ட் இருக்கா?"

"உங்களுக்குப் போக இஷ்டம் இல்லையா அத்தே?"

"பேரனப் பாக்க ஆசையில்லாமலா இருக்கும்? பத்து நாள் போய் இருந்துட்டு வருவேன். வருசக்கணக்கா ஒருத்தரக் கையில வச்சுப் பாத்தாச்சு. இனிமே முடியாது."

"அதை அப்படியே சொல்லுங்க அத்தே. டெஸ்டெல்லாம் வேண்டாம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சொன்னா நம்புவாங்களா?" என்றார். நம்ப வேண்டியதில்லை, சொன்னால் போதும் என்றேன். மறுநாள் காலை மகன்கள் இருவரிடமும் அவரே போனில் சொல்லியிருக்கிறார். பெரியவர் ரெண்டு நாள் பேசவில்லை. சின்னவர், "அப்ப அம்மாவுக்கு இன்னும் சரியாகல போல" என்று என்னிடம் விசாரித்தார். சரியாகிவிட்டது, அதனால்தான் சொல்கிறார் என்றேன். அவருக்கு விளங்கியதா தெரியவில்லை.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள இப்போது சென்னை வீட்டுக்கு ஓர் அம்மா வருகிறார். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. அறுபத்து மூன்று வயதாம், முழங்கால் வலியாம். மாதம் பன்னிரண்டாயிரம் கேட்கிறார், பத்துக்கு முடிக்க முடியுமா என்றுதான் வீட்டில் இப்போது பேச்சு.